பள்ளிப்படைச் சுவரின் அடிவரி

காவிரிக் கரையில் ஒரு பள்ளிப்படைக் கோயில். தாத்தா மன்னரைப் புதைத்த இடத்தில் அவர் மகன் கட்டியது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது பேரன் ஆட்சி. கோயிலில் தினமும் விளக்கேற்றுகிறவள் சாத்தி. அதற்காகக் கோயிலைக் கட்டிய மன்னர் விட்டிருந்த நிலத்தின்மேல் அதிகாரி மழவராயருக்கு ஒரு கண்.

அரசர் கும்பிட வந்த அன்று, அவர் எதிரிலேயே மழவராயர் உறுமினார்.

"நிலம் உன்னுடையதா? கொடுத்த மன்னரே வந்து சொல்லட்டும், விட்டுவிடுகிறேன்!"

சாத்தி சிரித்துக்கொண்டே, சுவரின் அடியில் வெட்டியிருந்த எழுத்தைக் காட்டினாள்.

"இதோ சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார், ஐயா. எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே படியுங்கள்."

மழவராயர் குனிந்து பார்த்தார், தெரியவில்லை. மண்டியிட்டார், அப்போதும் தெரியவில்லை. கடைசியில் சாத்தியின் காலடியில் குப்புறப் படுத்து, உரக்கப் படித்தார்.

"விளக்கு நிலம் விளக்கேற்றும் குடிக்கே. இந்தத் தர்மத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அப்பா சொல்லிவிட்டார்" என்றார் அரசர், கண்ணில் நீர் வரச் சிரித்தபடி.

சாத்தி பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஐயையோ, உங்கள் தலை எனக்கு எதற்குங்க? நிலத்தை விட்டால் போதும்!"