பத்தொன்பது முறை பிரித்த அறிக்கை

"இந்த லேப்காரங்க என் உயிரை வாங்குறாங்க மேடம்" என்றபடி சீடர் வந்து நின்றார்.

குரு நிமிரவில்லை.

சீடருக்கு ஐம்பத்து நான்கு வயது. பெயர் சௌந்தரபாண்டி. குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் இப்படித்தான் அமைந்துவிட்டது. யாரையும் நொந்து பயனில்லை.

"என்ன சார்?"

"ஃபைல் திறக்க மாட்டேங்குது. மூணு நாளாச்சு."

விஷயம் இதுதான். வெளியூர் ஆய்வகம் ஒன்று நோயாளிகளின் பரிசோதனை அறிக்கைகளை, கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் வெப் சர்வீஸ் வழியாக அனுப்புகிறது. அறிக்கையை அறிக்கையாக அனுப்பாது. எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட சரமாக்கி, தன் பதிலுக்குள் செருகி அனுப்பும். பார்த்தால் பூனை கீபோர்டில் நடந்த மாதிரி இருக்கும். அதைப் பிரித்து, பழையபடி கோப்பாக்கி, டாக்டர் திறக்கும்படி சேமித்து வைப்பது சீடரின் வேலை.

ஆயிரக்கணக்கில் பிரித்திருக்கிறார். எல்லாம் திறந்தன. செவ்வாய்க்கிழமை வந்த ஒன்று மட்டும் திறக்கவில்லை.

அது அங்கம்மாளுடையது.

அங்கம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. மார்பில் கட்டி. ஊசியால் கொஞ்சம் திசு எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்த அறிக்கைதான் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அவர் வார்டில் கட்டிலோடு கட்டிலாக உட்கார்ந்திருக்கிறார். அவர் மகள் போய் நர்ஸைக் கேட்கிறாள். நர்ஸ் சௌந்தரபாண்டிக்கு போன் செய்கிறார். இன்று காலையிலிருந்து மட்டும் ஆறு முறை.

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?" என்றார் குரு.

சீடர் மூச்சு விடாமல் கொட்டினார். சரத்தைப் பிரிக்கிற லைப்ரரி என்ற ரெடிமேட் புரோகிராமை மாற்றினாராம். மாற்றியதை மறுபடி மாற்றினாராம். சரத்தின் வாலில் இரண்டு சமக்குறி இருந்தது. அதன் மேல் சந்தேகம் வந்து வெட்டினாராம், பிறகு பயம் வந்து திரும்ப ஒட்டினாராம். சர்வரை அணைத்துப் போட்டாராம். ஆய்வகத்திடம் அதே அறிக்கையை மறுபடி மறுபடி கேட்டாராம். வந்ததே வந்ததாம்.

"காட்டமா ஒரு மெயிலும் போட்டேன். உடைஞ்ச ஃபைலா அனுப்புறீங்களேன்னு."

"என்ன சொன்னாங்க?"

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குன்னு ஒத்தை வரி. திமிரைப் பாருங்க!"

குரு எழுந்து சீடரின் மேசைக்கு வந்தார். சீடர் திரையைக் காட்டினார்.

"பத்தொன்பது தடவை பிரிச்சுட்டேன் மேடம். பத்தொன்பதும் இந்தா, வரிசையா சேவ் ஆகிக் கிடக்கு. ஒண்ணாவது திறக்கணுமே!"

"ஃபைல் என்ன சொல்லுது?"

"டேமேஜ்னு சொல்லுது."

"அது பிடிஎஃப் ரீடர் சொல்றது. ஃபைல் என்ன சொல்லுது?"

சீடருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று நாள் தூக்கமில்லாதவரிடம் விடுகதை போட்டால் வேறென்ன வரும்?

"மேடம், அங்க ஒரு பொம்பள உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. எனக்கு இப்ப தத்துவம் வேணாம். ஃபைல் திறந்தா போதும்."

"எனக்கும் தெரியும் சார். அதான் கேக்குறேன்."

குருவின் குரலிலும் எரிச்சல் ஏறியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மத்த ரிப்போர்ட்டெல்லாம் எவ்வளவு பெருசு?"

"இருநூறு கேபி. முந்நூறு கேபி."

"இது?"

"அரை கேபி கூட இல்ல."

"அதைப் பாத்து உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுச்சே. சின்ன ஃபைல்தானே, சீக்கிரம் சரி பண்ணிடலாம்னு."

குரு கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணினார். ஏழிலேயே திறந்துவிட்டார்.

"இது பிடிஎஃப்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"பேர்லயே இருக்கே!"

"பேரு யார் வச்சது?"

சீடர் கொஞ்சம் தயங்கினார்.

"நம்ம புரோகிராம்தான். நான் எழுதினது. எது வந்தாலும் கடைசியில பிடிஎஃப்னு பேர் வச்சு சேவ் பண்ணிடும்."

"லேப்ல இருந்து வர்ற பதில்ல, டாக்குமென்ட்டுக்கு மேல ஒரு வரி வருமே. உள்ள இருக்கறது என்ன வகைன்னு சொல்ற வரி."

"வரும். அதை நாம எடுக்கறதில்ல மேடம்."

"ஏன்?"

"எப்பவும் பிடிஎஃப்தானே வரும்."

குரு மௌஸை அவர் கையிலிருந்து வாங்கினார். வரிசையில் முதலாவதாகக் கிடந்த கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை அழித்தார். வெறும் எழுத்தை மட்டும் காட்டும் நோட்பேடை எடுத்து, அதில் அந்தக் கோப்பைப் போட்டார்.

திறந்தது.

படம் இல்லை, அட்டவணை இல்லை, முத்திரை இல்லை. ஆங்கிலத்தில் நான்கே வரி. ஒன்றாம் வகுப்பு ரைம்ஸ் போலத் தெளிவாக இருந்தது.

நோயாளி அங்கம்மாள், வயது 46.

அனுப்பிய திசு பரிசோதனைக்குப் போதவில்லை.

மறுபடி எடுத்து அனுப்பவும்.

புதன்கிழமைக்குள் கிடைத்தால் இந்த வாரமே பார்த்துச் சொல்லிவிடுவோம்.

சீடர் ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு அவசர அவசரமாக இரண்டாவது கோப்பைத் திறந்தார். அதே நான்கு வரி. ஏழாவதைத் திறந்தார். பத்தொன்பதாவதைத் திறந்தார்.

சுவரில் தொங்கிய காலண்டரில் வெள்ளிக்கிழமை.

சௌந்தரபாண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வயது வந்த மனிதர், ஆபீஸில் அழக் கூடாது என்பதால் இருமினார்.

"அந்த லேப்காரங்க ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அதில் பழைய காட்டம் இல்லை.

குரு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசை மேலிருந்த போன் அடித்தது. ஏழாவது முறை. சீடர் எடுத்தார். நர்ஸின் குரல் குருவுக்கும் கேட்டது.

"சார், அங்கம்மாளோட பொண்ணு என் முன்னாடியே நிக்குது. ரிப்போர்ட் வந்துச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க."

சீடர் உள்ளங்கையால் போனை மூடினார்.

"என்ன சொல்றது மேடம்?"

"செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சுன்னு சொல்லுங்க."