காய்ந்த செடிக்குக் காவல் நின்ற சடைச்சியார்

ஆலடிநாதர் கோயில் நந்தவனத்தில் களை பறித்து, சாணி கரைத்து ஊற்றி, பூவெடுத்துக் கொடுப்பதே சடைச்சியாரின் பிழைப்பு. கோழிக்கொண்டை ஒரு பருவம் மட்டுமே வாழும் செடி. பூத்து ஓய்ந்ததும் சடைச்சியார் அதைப் பிடுங்கமாட்டார். நின்றபடியே காயவிட்டு, விதை எடுத்து, அடுத்த பருவத்துக்கு விதைப்பார்.

கோயில் மணியக்காரர் விருத்தகிரிக்கு அந்தக் காய்ந்த செடிகளைக் கண்டாலே ஆகாது. "நாலு மாசம் நிக்க வக்கில்லாத செடி. செத்ததுக்குக் காவல் வேறயா?" என்று ஊர் சிரிக்கும்படி கேட்பார். திருவிழா நெருங்கியபோது, சடைச்சியார் ஆற்றுக்குப் போன நேரம் பார்த்து, எல்லாவற்றையும் பிடுங்கித் தீ வைக்கச் சொன்னார். பாவி மனிதர், அதைச் சுத்தம் என்று நினைத்தார்.

திரும்பி வந்த சடைச்சியார் சாம்பலைக் கண்டார். விதை ஒன்றுகூட மிச்சமில்லை. இனி ஈசனுக்குப் பூ இல்லை. சாம்பலை ஒரு கை அள்ளிக்கொண்டு மணியக்காரர் முன்னே போய் நின்றார்.

"விதை சுமந்து நின்ன பிள்ளைத்தாச்சிய எரிச்சிட்டீகளே ஐயா," என்றார். மணியக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சடைச்சியார் நேரே சந்நிதிக்கு நடந்தார். "எல்லாருக்கும் ரெண்டு கண்ணு, உனக்கு மூணு. பாத்துக்கிட்டுத்தானே இருந்தே? இனி பூவில்லாம உன் வாசலை மிதிக்கமாட்டேன். பூ வேணும்னா நீயே முளைக்க வை."

சொன்னபடியே மிதிக்கவில்லை. ஆனால் தினமும் வெறும் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினார். குடத்துக்கு ஓர் ஏச்சு ஈசனுக்கு விழுந்தது. பைத்தியம் என்றது ஊர். பைத்தியமா அது? இல்லையென்று நினைக்கிற தெய்வத்தை யாராவது இவ்வளவு உரிமையோடு ஏசுவார்களா?

கொடியேற்றத்தன்று நடை திறந்த குருக்கள் திகைத்து நின்றார். வெயிலே நுழையாத கருவறையில், ஆவுடையாரைச் சுற்றிக் கோழிக்கொண்டை சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது. உள்ளிருந்து குரல் கேட்டது:

"சடைச்சியைக் கூப்பிடு. அங்கே நின்னு ஏசினது போதும். எதிரே வந்து ஏசச் சொல்லு."

சடைச்சியார் வந்தார். கண்ணீர் வழிந்தது, கோபம் தணியவில்லை. "இதுக்கு இத்தனை நாளா?" என்று ஈசனைக் கேட்டார். மாலை கட்டப் பூப்பறிக்கப் போன குருக்களையும் விடவில்லை.

"தொடாதீக சாமி. நின்னு காயட்டும். விதை எடுக்கணும்."

பூத்த வேகத்திலேயே செடிகள் காய்ந்தன. அந்தத் திருவிழாவின் கடைசி நாளில் ஆலடிநாதர், வாடிக் காய்ந்து விதை முற்றிய செடிகளின் நடுவே இருந்துதான் ஊருக்குக் காட்சி கொடுத்தார். மணியக்காரர் அந்தச் சருகையும் சேர்த்துக் கும்பிட்டார். ஈசனையே ஏசி, ஈசனாலேயே அழைக்கப்பட்ட சடைச்சியாரின் மண் படிந்த கைகளை நாமும் வணங்குவோம்.