தவசிமுத்து குழம்பு ஊற்றிய பந்தி

“கடவுளுக்குக் காது இருக்கா, இல்லியா? அதை மட்டும் சொல்லிருங்க உபதேசியாரே. நான் போயிருதேன்.”

கோயில்பிள்ளை தவசிமுத்து வந்து இப்படி நின்றபோது, உபதேசியார் தர்மக்கண் பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் குழம்பை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகை. பண்டிகை என்றால் அசனம் உண்டு. ஊரே கூடிச் சமைத்து, வந்தவர் எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்காமல் இலை போட்டுப் பந்தி வைப்பார்கள்.

தவசிமுத்துக்கு அறுபது வயது. கோயில்பிள்ளை என்றால், முப்பது வருஷமாக அந்தக் கோயிலுக்கு மணி அடிக்கிறவர், பாய் விரிக்கிறவர், கதவு பூட்டுகிறவர். கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியாருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் மனசில் முள் தைத்தால் தவசிமுத்து போய் நிற்கிற இடம் அதுதான்.

ஒரே ஒரு சங்கடம். உபதேசியாரிடம் கேள்வியோடு போனால் பதில் வராது, வேலைதான் வரும். தாழ்மை என்றால் என்ன என்று கேட்கப் போன பெரிய வாத்தியார், அன்றைக்குப் பூரா கோயில் சாக்கடையைக் குத்திவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

“காதுக்கு என்ன வந்துச்சு அண்ணாச்சி?”

“வீட்டுக்காரி எப்சிபாய் வாதத்துல விழுந்து எட்டு மாசம் ஆச்சு. வலது கை போச்சு. ஒரு கால் போச்சு. அதைக் கேட்டேனா? ஆண்டவரே, அதை நான் பாத்துக்கிடுதேன், அவ பேச்சை மட்டும் தாரும்னு கேட்டேன். என்னை ஒரே ஒரு தடவை ‘ஏங்க’ன்னு கூப்பிட்டாப் போதும். அது ஒரு பெரிய கேள்வியா?”

உபதேசியார் கையைத் துடைத்தார்.

“வெள்ளிக்கிழமை தவறாம உபவாசம் இருந்தேன். கோயிலைப் பூட்டிக்கிட்டு உள்ளே கெடந்து அழுதேன். கேட்டும் கேக்காத மாதிரி இருக்காரு.” தவசிமுத்து மடியிலிருந்து கோயில் சாவியை எடுத்து நீட்டினார். “நாளைலேர்ந்து நான் வரல. மணி அடிக்க வேற ஆளைப் பாருங்க. காது கேக்காதவருக்கு மணி எதுக்கு?”

சொல்லிவிட்டாரே தவிர, நீட்டிய சாவியை விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. முப்பது வருஷம் சும்மா இல்லை.

உபதேசியார் சாவியைப் பார்த்தார். வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த வாளியில் அண்டாவிலிருந்து குழம்பை மொண்டு மொண்டு ஊற்றினார்.

“முதல் பந்தி உக்காந்தாச்சு. வலதுபக்க வரிசைக்குக் குழம்பு ஊத்த ஆள் இல்ல.”

“நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதீங்க?”

“கொதிக்கக் கொதிக்க இருக்கு. பாத்துத் தூக்குங்க.”

தவசிமுத்துக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. ஆனால் இலை போட்டு ஆள் உட்கார்ந்த பிறகு கோபத்தைக் காட்டுகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. சாவியைத் திரும்ப மடியில் செருகினார். வாளியைத் தூக்கினார்.

முதல் நாலு இலை ஒழுங்காகப் போனது. ஐந்தாவது இலையில் லாரிக்காரர் செல்லப்பா.

“ஊத்தும்வே குழம்பை!”

“இலையில சோறு இல்லியே?”

செல்லப்பா பிந்திவந்து உட்கார்ந்தவர்; மற்ற இலைகளுக்கு வைத்ததில் கூடை தீர்ந்துபோய், சோறு வைக்கிறவர் அண்டாவுக்கு ஓடியிருந்தார்.

“இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? பசி உயிர் போகுது. சும்மா ஊத்தும்!”

“வெறும் இலையில ஊத்துனா ஓடிப் போயிரும். சோறு வரட்டும்.”

செல்லப்பா முணுமுணுத்தார். தவசிமுத்து நகர்ந்துவிட்டார்.

அடுத்து ஒரு சின்னப் பெண்பிள்ளை. கரண்டி வருவதற்குள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திவிட்டது.

“கைய எடு தாயி, சுட்டுரும்.”

பிள்ளை எடுக்கவில்லை. தவசிமுத்து அந்தக் கையில் ஊற்றாமல், பக்கத்தில் இருந்த அதன் தாயின் இலையில் ஊற்றி, ஆறவைத்துக் கொடுக்கச் சொன்னார். பிள்ளை அவரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு ஓவென்று அழுதது.

அதற்கடுத்து தையல்கார ரத்தினசாமி. உப்பும் கறியும் ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்ன உடம்பு. தவசிமுத்து ஒரு கரண்டி மட்டும் ஊற்றினார்.

“இன்னொரு கரண்டி அண்ணாச்சி. நாலு துண்டு போட்டு.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“பண்டிகைக்கு ஏதுவே டாக்டரு?”

பக்கத்து இலையில் இருந்த அவர் மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். தவசிமுத்து கரண்டியை வாளிக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

ரத்தினசாமி விடுகிற ஆளா? வரிசை பூராவும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

“கேட்டும் கேக்காத மாதிரிப் போறாரே! ஓய், உமக்குக் காது இருக்கா இல்லியா?”

பந்தி சிரித்தது.

தவசிமுத்து நின்றுவிட்டார். திரும்பி உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் எங்கேயோ வாழையிலை நறுக்குகிறதில் மும்முரமாக இருந்தார்.

வாளி காலியானது. தவசிமுத்து வேகமாக அண்டாவுக்கு வந்தார்.

“உங்க சூட்சுமம் எனக்குப் புரியாம இல்ல உபதேசியாரே. சோறு வரலன்னா குழம்பு நிக்கணும், சரி. பிள்ளைக்குச் சுடும், சரி. ரத்தினசாமிக்கு ஆகாது, அதுவும் சரி. எப்சிபாய் ஒரு வார்த்தை பேசுனா யாருக்குச் சுடும்? யாருக்கு ஆகாது? சொல்லுங்க.”

“தெரியாது அண்ணாச்சி.”

“தெரியாதா?”

“எனக்குத் தெரியாது.”

தவசிமுத்து எதையெதையோ எதிர்பார்த்திருந்தார். இதை எதிர்பார்க்கவில்லை. உபதேசியாரின் கண் கலங்கியிருந்ததையும் எதிர்பார்க்கவில்லை.

உபதேசியார் வாளியை நிரப்பிக் கையில் கொடுத்தார்.

“கடைசி இலைக்கு நீங்க இன்னும் போகல.”

கடைசி இலை எப்சிபாயுடையது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைத் தூக்கிவந்து நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஸ்டூல் போட்டு இலை விரித்திருந்தார்கள். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பந்தியில் சத்தம் போடாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

தவசிமுத்து வாளியைக் கீழே வைத்தார்.

கரண்டியால் கலக்காமல், மேலாகத் தெளிந்த குழம்பை மட்டும் கொஞ்சம் எடுத்தார். அடியில் கிடக்கிற காரம் அவளுக்குப் புரையேறும். வாளிக்குள் தேடி, வெந்து குழைந்த துண்டு ஒன்றை எடுத்து எலும்பை நீக்கினார். நார் நாராகப் பிய்த்தார். சோற்றோடு பிசைந்து, இலையின் இடதுபக்கமாக ஒதுக்கிவைத்தார். தண்ணீர் டம்ளரையும் இடதுபக்கம் நகர்த்தினார். தோளில் கிடந்த துண்டால் அவள் வாயோரத்தைத் துடைத்தார்.

பின்னால் உபதேசியார் நின்றுகொண்டிருந்தார்.

“மதினி கேட்டாங்களா?”

“என்ன கேட்டாளா?”

“காரம் வேண்டாம், பிசைஞ்சு தாங்க, இடதுபக்கம் வைங்கன்னு.”

“அவளால எப்படிக் கேக்க முடியும்? என்ன பேசுதீங்க?”

“பிறகு எப்படித் தெரிஞ்சுது?”

“இதுக்கு அவ வாயைத் திறந்து வேற கேக்கணுமாக்கும்? எட்டு மாசமா ராவும் பகலும் பக்கத்துலதான இருக்கேன், எனக்குத் தெரி...”

தவசிமுத்து முடிக்கவில்லை.

எப்சிபாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இடது கை மெல்ல இலைக்கு வந்தது. பிசைந்த சோற்றைக் கூட்டிச் சேர்த்தது. பாதி சிந்தியது. மறுபடியும் சேர்த்தது. பிறகு கையைத் தூக்கினாள். கை அவள் வாய்க்குப் போகவில்லை. அவருக்கு நேராக வந்து நின்றது.

பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தி எழும்புமுன் ஒரு பருக்கையும் வாயில் வைக்கக் கூடாது. கோயில் கட்டின நாளிலிருந்து அசனத்துக்கு அதுதான் கட்டளை. பரிமாற வருகிற இளவட்டங்களுக்கு அதை வருஷாவருஷம் அதட்டிச் சொல்லிக்கொடுத்தவரே தவசிமுத்துதான்.

அவர் உபதேசியாரைப் பார்த்தார்.

அவள் விரலிடுக்கில் சோறு உதிர்ந்தது. கையை அவள் இறக்கவில்லை.

வரிசையின் அந்தக் கோடியில், “சோறு வந்தாச்சு! குழம்பு எங்கவே?” என்று செல்லப்பா கூப்பாடு போட்டார்.

உபதேசியார் குனிந்து வாளியை எடுத்துக்கொண்டார்.

“அவருக்கு நான் ஊத்திக்கிடுதேன். நீங்க இங்க பாருங்க அண்ணாச்சி. மதினி கூப்பிடுதாங்க.”

தவசிமுத்து முழங்காலிட்டு வாயைத் திறந்தார்.