பெருத்தானுக்குக் கஞ்சி ஊத்துன ஒச்சாயி

ஒரு ஊர்ல ஒரு ஒச்சாயி இருந்தா. எந்த ஊருன்னு கேக்குறியா? உங்கம்மா மண்டைக்குள்ள இருக்குற ஊரு. சிரிக்காதடி மகி, அத்தை நெசமாத்தான் சொல்றேன். எல்லார் மண்டைக்குள்ளயும் ஒரு ஊரு இருக்கு. சுத்தி எலும்புல மதிலு, கண்டவனும் உள்ள நொழைய முடியாத வாசலு. உள்ள தெருத்தெருவா வீடு, வீட்டுக்கு வீடு வெளக்கு. ஒரு வெளக்குல நடக்குறது எப்படின்னு இருக்கும், ஒண்ணுல ரசத்துக்கு எவ்வளவு புளின்னு இருக்கும். வடக்குத் தெருக் கடைசி வீட்டு வெளக்குல என்ன இருக்கு தெரியுமா? உன் பேரு. ம் சொல்லு.

"ம்."

அந்த ஊருக்குக் காவலு, துப்புரவு எல்லாமே ஒச்சாயி கூட்டந்தான். உங்கம்மாவப் பாக்குற டாக்டரம்மா அவங்களுக்கு நோய் எதிர்ப்பு அணுன்னு என்னமோ பேரு சொன்னாங்க. எனக்கு அது வாயில நொழையல, நான் ஒச்சாயின்னு வச்சுக்கிட்டேன். உங்கம்மா பொறக்குறதுக்கு முன்னாடியே உள்ள குடிவந்தவ அவ. சரக் சரக்னு தெருவக் கூட்டுவா, செத்தது சொத்தையத் தின்னு தீத்துடுவா, வீடு வீடாத் தொட்டுப் பாத்துட்டுப் போவா.

அவங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. எவனாவது காயம்னு மொனகுனா ஏன் எதுக்குன்னு கேக்கக்கூடாது. கஞ்சி ஊத்தணும், தண்ணிக்கு வாய்க்கா வெட்டி விடணும், பக்கத்துல சத்தமில்லாமப் பாத்துக்கணும். நல்ல வழக்கந்தான், நான் குத்தம் சொல்லல. நீ ஊஞ்சல்லருந்து விழுந்து முட்டி தேஞ்சு ரெண்டே வாரத்துல ஆறுச்சே, அதுவும் இந்த மாதிரி ஒரு கூட்டம் பாத்த வேலைதான்.

அப்புறம் அந்த ஊர்லயே பெருத்தான்னு ஒருத்தன் வந்தான். வந்தான்னா வெளியூர்லருந்து இல்லடி, அங்கயே பொறந்தவன். அதான் எனக்கு வயித்தெரிச்சலு. வேலைக்குப் போறத விட்டுட்டான். உக்காந்த எடத்துல தின்னுறதும் வீங்குறதுந்தான் அவனுக்குப் பொழப்பு. ஒச்சாயி அந்தப் பக்கம் வரவும், காயம் காயம்னு மொனக ஆரம்பிச்சான். அவளும் பதறிப்போய்க் குடுகுடுன்னு ஓடிக் கஞ்சி கொண்டாந்து ஊத்துனா. மொடக் மொடக்னு குடிச்சான். ஒரு சுத்துப் பெருத்தான்.

அப்புறம் தண்ணி வேணும்னான். ஒச்சாயி கூட்டத்தக் கூப்பிட்டு வாய்க்கா வெட்டுனா, அந்த ஊருக்குத் தண்ணின்னா ரத்தந்தான், அது சளசளன்னு அவன் வீட்டு வாசலுக்கே போச்சு. இன்னும் பெருத்தான். பக்கத்து வீட்டுச் சொவத்த முட்டித் தள்ளுறான், அப்பவும் இவங்க ஆளாளுக்குக் கஞ்சிப்பானையத் தூக்கிட்டு ஓடுறாங்க. சொல்லும்போதே எனக்குப் பத்திக்கிட்டு வருது. ம் சொல்லு.

"ம்."

அப்போ வாசலத் தாண்டி வெளியிலருந்து சண்டைக்காரங்க கொஞ்சப் பேரு தொம் தொம்னு நடந்து வந்தாங்க. இந்த மாதிரி ஆளத் தேடிப் புடிச்சு அடிக்கிறதுதான் அவங்க வேலை. பெருத்தான் பாத்தான், சத்தம் ஆகாது, காயம் வலிக்குதுன்னு முக்குனான். ஒச்சாயியே ஓடிப்போய் வழிய மறிச்சா. சீக்காளி இருக்குற எடம், சத்தம் போடாம உக்காருங்கன்னு அவங்கள உக்கார வச்சா. உக்காந்தவங்க அசந்து, கையில தெம்பு போய், கொர் கொர்னு தூங்கிட்டாங்க.

அப்புறந்தான் வெளக்கு அணைய ஆரம்பிச்சுது. மொதல்ல இடது கை வெளக்கு. உங்கம்மா கையிலருந்து டம்ளர் நழுவி விழுந்துச்சே, அன்னிக்கு. அடுத்தது புளி வெளக்கு. அப்புறம் வடக்குத் தெருக் கடைசி வெளக்கு பக்கு பக்குனு ஆடுச்சு. உங்கம்மா உன்னைச் சித்தி பேரச் சொல்லிக் கூப்பிட்டா. நீ அழுத.

ஒச்சாயி அந்த வீட்டு வாசல்ல நின்னு ஆடுற வெளக்கப் பாத்தா. பெருத்தானோட தோளு அந்தச் சொவத்துல முட்டிக்கிட்டு இருக்கு. அவ குடுத்த கஞ்சியில வளந்த தோளு. நேரா அவன்கிட்டப் போனா.

"இத்தன நாளாப் பாக்குறேனே, எங்க ஆறுச்சு? காட்டு."

"ஆறிக்கிட்டுத்தான் இருக்கு. நீ இன்னுங்கொஞ்சம் ஊத்து."

போத்தியிருந்த துணிய வெடுக்குனு இழுத்துப் பாத்தா, ஒரு கீறல் கெடையாது. கொழுகொழுன்னு வழவழன்னு இருக்கான்.

"காயம்னா ஆறணும்டா. ஆறாம வளந்துக்கிட்டே போறதுக்குப் பேரு காயமில்ல."

பானைய டமார்னு போட்டு ஒடச்சா. கூட்டத்தாளுங்ககிட்டப் போய் ஊத்தாதீங்கன்னு கெஞ்சுனா. அவங்களோ, வழக்கத்த எப்படி மாத்துறதுன்னு கேட்டுக்கிட்டே ஊத்துறாங்க. நல்லா இருக்கு நாயம். ஊரே இருண்டு போகும், வழக்கம் மட்டும் இருக்கணுமாம். ஒண்ணு ரெண்டு பேருதான் பானையக் கீழ வச்சாங்க. அப்புறம் ஒச்சாயி வாசப்பக்கம் ஓடித் தூங்குன சண்டைக்காரங்கள உலுக்குனா.

"உங்கள உக்கார வச்சது நாந்தான். இப்ப நானே சொல்றேன், எந்திரிச்சுக் கத்துங்க."

பாதிப் பேரு எந்திரிச்சாங்க. பாதிப் பேருக்கு எழ முடியல. அப்போ மேல கரகரன்னு ஒரு சத்தம், மதில்ல ஒரு கதவு தொறந்துச்சு. டாக்டரம்மா கை உள்ள வந்து பெருத்தான அறுத்து அறுத்து எடுத்துச்சு.

"செத்துட்டானா அத்தை?"

பொய் சொல்ல மாட்டேன். பெரும்பகுதி போயிருச்சு. சந்துபொந்துல அவன் வேரு கொஞ்சம் கெடக்கு, அதுக்கும் கஞ்சி ஊத்த ஆளு இருக்கு. அந்தக் கூட்டத்துக்குப் புத்தி சொல்லி நம்ம பக்கம் திருப்புறது எப்படின்னு எங்கெங்கயோ படிச்சவங்க ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்காங்க, இன்னும் முழுசாப் புடிபடலயாம். ஆனா ஒச்சாயி வடக்குத் தெருவ விட்டு நகரல. வெளக்கு ஆடுது, அணையல. ம் சொல்லு. என்னடி, ம் காணோம்? தூங்கிட்டியா?

"அத்தை, நான் கத்திக் கத்தி வெளையாடுனதாலதான் அம்மா தலையில கட்டி வந்துச்சாம். மாடி வீட்டு ஆச்சி சொன்னாங்க."

அதான் ஒரு வாரமா வாயத் தொறக்காமத் திரியிறியா? இங்க வா, மூஞ்சியக் காட்டு. பச்சப்புள்ளகிட்டப் பேசுற பேச்சா அது? விடியட்டும், அந்தம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். உன் சத்தத்தால எதுவும் வரல மகி. நீ கத்துனதால வரல, குதிச்சதால வரல, சோத்தச் சிந்துனதால வரல. அவன் பாட்டுக்கு வந்தான், ஊருக்குள்ள எல்லாரும் சத்தமில்லாம இருந்ததால வளந்தான். நாளைக்கு ஆஸ்பத்திரியில நீ எப்பவும் போல, வார்டு வாசல்லருந்தே அம்மான்னு கத்திக்கிட்டே ஓடு. எவ தடுக்குறான்னு நான் பாக்குறேன்.

அழுது முடிச்சுட்டியா? கதையும் படுத்துருச்சு, நீயும் படு.