ஒன்பது சரிங்க

"இந்த வழக்கில் நமக்கு வாதமே கிடையாது மேடம்" என்றார் மருதமுத்து.

திருநெல்வேலி கோர்ட்டுகளில் இருபது வருஷம் கறுப்புக் கோட்டு போட்டவர். நாற்பத்தெட்டு வயதில் நியூஜெர்சிக்கு வந்து, மறுபடி சட்டம் படித்துப் பரீட்சை எழுதி, ஏழைகளுக்கு அரசு செலவில் வாதாடும் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர்ந்திருந்தார். சீனியர் வாசுகி அவரைவிட ஒன்பது வயது இளையவர்.

"போலீஸ் விசாரணை டேப்பில் என்ன இருக்கிறது அண்ணாச்சி?"

"ஓட்டலுக்குத் தீ வைத்ததாகச் சமையல்காரர் பிச்சையாவைப் பிடிக்கிறார்கள். பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு என்கிறது போலீஸ். போனில் மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர் அதைத் தமிழில் சொல்கிறார். நம்ம ஆள், 'சரிங்க'. வக்கீல் வைத்துக்கொள்ளலாம். 'சரிங்க'. வக்கீல் இல்லாமலே பேசச் சம்மதமா? 'சரிங்க'. நீதானே கொளுத்தினாய்? அதற்கும் 'சரிங்க'."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒன்பது சரிங்க. மொழிபெயர்ப்பில் ஒன்பது இடத்திலும் 'ஆம், சம்மதம்'. வேறு சாட்சியமே வேண்டாம், பன்னிரண்டு வருஷம் உள்ளே. அரசியல் சட்டம் கொடுத்த உரிமையைத் தட்டோடு திருப்பிக் கொடுத்துவிட்டான்."

"கொடுத்துவிட்டார்."

"கொடுத்துவிட்டார்."

வாசுகி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, உங்களுக்குச் சட்டம் தெரியாது."

மருதமுத்துவுக்குக் காது சூடேறியது. ஆனாலும் சீனியர்.

"சரிங்க மேடம்."

வாசுகி ஏதோ எழுதினார்.

"திருநெல்வேலியில் நீங்கள் ஜெயித்ததெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்."

கொலை வழக்கு மட்டும் பதினொன்று. பதினொன்றும் அவர் கண்முன் வந்து நின்றன.

"சரிங்க."

"நாளைக்குக் கோர்ட்டுக்கு வர வேண்டாம். வந்தால் எனக்குத்தான் அவமானம்."

"சரிங்க மேடம்."

தாள் மேஜையின் குறுக்கே நகர்ந்து வந்தது.

"படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்."

படித்தார்.

எனக்குச் சட்டம் தெரியாது. ஆம், சம்மதம்.

ஜெயித்ததெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம். ஆம், சம்மதம்.

என்னால் சீனியருக்கு அவமானம். ஆம், சம்மதம்.

"இதற்கெல்லாம் நான் எப்போது சம்மதித்தேன்?" நாற்காலி பின்னால் சாய, எழுந்தே விட்டார். "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்றேன். மரியாதைக்குச் சொன்னேன். அதைப் போய்..."

வாசுகி நிமிர்ந்து பார்க்கவில்லை. டேப் இருந்த உறையைத் தாளின் மேல் வைத்தார்.

மருதமுத்து அந்த உறையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, கோர்ட்டில் வாசுகி பின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். குற்றவாளிக் கூண்டு இல்லாத நாடு. பிச்சையா, மருதமுத்துவின் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

நீதிபதி மொழிபெயர்ப்பைப் புரட்டினார்.

"இவர் ஒன்பது முறை சம்மதித்திருக்கிறாரே வக்கீல், இதில் நீங்கள் சொல்ல என்ன இருக்கிறது?"

மருதமுத்து கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அவர் இன்னும் ஒரு முறைகூடச் சம்மதிக்கவில்லை, கனம் நீதிபதி அவர்களே. அவர் மரியாதை தெரிந்தவர்."