எட்டுத் தூண்டில் படகு

ஓடக்கரை மடத்தில் குருவாகிய அடிகளுக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் திருவம்பலத்துக்கோ அறுபது. சீடர் பல நூல்களைக் கற்றவர். இலை உதிர்ந்தால் அதற்கும் உட்பொருள் உரைப்பார். குருபூசை நாள் மாலையில் அடியார்கள் முன் விரிவுரை ஆற்றும் பேறு தமக்கு ஒருமுறை வாய்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஏக்கம்.

அந்த மடத்தை நிறுவியவர் வலைஞர் குலத்தில் தோன்றியவர். ஆகவே அங்கே குருபூசை அன்று ஏரிமீன் குழம்புதான் அடியார்களுக்கு அமுது.

குருபூசை நாள் விடியலில் திருவம்பலம் அடிகளை வணங்கி நின்றார்.

"சுவாமி, இந்த ஆண்டாவது மாலை விரிவுரையை அடியேனுக்கு அருள வேண்டும்."

"முதலில் குழம்புக்கு மீன் வரட்டும். படகுக்கு வாரும்."

மடைப்பள்ளியில் சமைக்கும் வள்ளிக்கண்ணு கூடையை நீட்டினாள்.

"ஐயா, போன வருஷம் நீங்க கொண்டு வந்த கூடையில தத்துவம்தான் இருந்துச்சு. அதுல குழம்பு கொதிக்காது. உச்சிப்பொழுதுக்குள்ள மீன் வரணும்."

படகின் முனையில் குறுக்குக் கழி ஒன்று கட்டப்பட்டிருந்தது. அதிலுள்ள துளைகளில், அடிகள் கூறியபடி, பக்கத்துக்கு நான்காகத் தூண்டிற் கோல்களைச் செருகினார் திருவம்பலம். படகு கால் விரித்த நண்டுபோல் ஆயிற்று. ஒவ்வொரு நூலிலும் ஈயக்குண்டு கட்டி, ஒவ்வொன்றையும் வேறுவேறு ஆழத்தில் இறக்கினார். சிலவற்றில் மண்புழு; சிலவற்றில் மாவுருண்டை.

"எட்டுக் கோல்! அட்டாங்க யோகம் அல்லவா, சுவாமி?"

"கழியில் எட்டுத் துளைதான் இருக்கிறது. மெல்லத் துடுப்புப் போடும். இரை நீருக்குள் நடக்க வேண்டும்; ஓடக் கூடாது."

"அறிந்தேன். படகு இந்த உடல். துடுப்பு மூச்சு. ஏரியோ பிறவிப் பெருங்கடல்…"

"மூன்றாவது கோல் வளைகிறது."

"வளைகின்ற அந்தக் கோல், சுவாமி, மனமே அன்றி வேறு…"

கோல் நிமிர்ந்தது. திருவம்பலம் நெஞ்சில் கைவைத்தார்.

"கைக்கு எட்டியது நீங்கிற்றே! இதன் பொருள் என்ன, சுவாமி?"

"மீன் போய்விட்டது."

சீடரின் கண்கள் கசிந்தன. "ஆகா! எத்தகைய ஆழம்!"

"இடுப்பளவு. மூன்றாவது நூல் அவ்வளவுதான் இறங்கியிருந்தது."

சற்று நேரத்தில் மறுபடியும் ஒரு கோல் துடித்தது. இம்முறை திருவம்பலம் பேசவில்லை, பாய்ந்தார். பாய்ந்தவர் துடுப்பைக் கைவிட்டார். காற்று படகைத் திருப்பியது. எட்டு நூல்களும் ஒன்றையொன்று தழுவிப் பின்னிக்கொண்டன. அந்த மீனும் போயிற்று.

திருவம்பலம் சிக்கலையே உற்று நோக்கினார். முகத்தில் ஒளி பரவியது.

"தெளிந்தேன், சுவாமி! பல நூல்களை நாடினால் சிக்கல்தான் எஞ்சும். மெய்ப்பொருள் ஒன்றே. தூண்டிலும் ஒன்றே போதும்!"

ஒரு கோலைப் பிடுங்கி ஏரியில் எறியக் கையை ஓங்கினார். அடிகள் எட்டி அவர் மணிக்கட்டைப் பற்றினார்.

"யார் சொன்னது?"

"சுவாமி இப்போது உணர்த்தியது அதுதானே?"

"நான் ஒன்றும் உணர்த்தவில்லை. நீர் துடுப்பை விட்டீர்; படகு திரும்பிற்று. வந்திருக்கும் அடியார்கள் அத்தனை பேருக்கும் ஒரே தூண்டிலில் மீன் பிடித்தால், குழம்பு அடுத்த குருபூசைக்குத்தான் ஆகும். கோலை வையும். அது மடத்துக் கோல்."

கரையிலிருந்து வள்ளிக்கண்ணுவின் குரல் வந்தது.

"ஐயா! புளி கொதிக்குது! மீன் வருதா, விளக்கம் வருதா?"

திருவம்பலம் கோலை வைத்தார். குனிந்து சிக்கலைப் பிரிக்கத் தொடங்கினார். கை இரண்டும் போதாமல் ஒரு நூலைப் பல்லில் கடித்துக்கொள்ள நேர்ந்தது. அதனால் பேச இயலவில்லை. அடிகள் துடுப்பை எடுத்துக்கொண்டு, படகு திரும்பாமல் பார்த்துக்கொண்டார்.

சிக்கல் பிரிந்தபோது வெயில் ஏறியிருந்தது. திருவம்பலம் வாயிலிருந்த நூலை எடுத்தார்.

"சுவாமி, முதல் மீன் மண்புழுவைத்தானே கொத்தியது?"

"ஆம்."

அவர் எட்டுத் தூண்டில் முள்ளிலும் மண்புழுவைக் கோத்தார். எட்டு நூலையும் இடுப்பளவு ஆழத்தில் இறக்கினார். துடுப்பைத் தாமே வாங்கி, நீருக்கு நோகாமல் போட்டார். ஒரு கோல் வளைந்தது. துடுப்பைக் காலால் அழுத்திக்கொண்டே மீனை ஏற்றினார். பிறகு மற்றொன்று. பிறகு இரண்டு ஒருசேர. அவர் வாயிலிருந்து வந்தவை, "இது," "அது," "கூடை" என்னும் சொற்களே.

கூடை நிறையக் கெண்டை கண்ட வள்ளிக்கண்ணு, "ஐயாவுக்கு உடம்புக்கு ஏதாச்சுமா, சாமி? பேச்சையே காணோமே?" என்று அடிகளிடம் கேட்டாள்.

பந்தியில் திருவம்பலம் குழம்பு பரிமாறி வந்தார். கண்பார்வை மங்கிய முதிய அடியார் ஒருவர் அவரை நிறுத்தினார்.

"ஐயா, இந்த மடத்தில் மட்டும் குருபூசைக்கு மீன் இடுகிறார்களே. இதன் உட்பொருள் என்ன?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று திருவம்பலம் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த கேள்வி அது. அவர் வாய் திறந்தது. பிறகு அந்த அடியாரின் விரல்கள் மீனைத் தடவித் தேடுவதைக் கண்டார்.

"முள் இருக்கிறது, ஐயா. பார்த்து உண்ணுங்கள்."

முதியவர் மெய்சிலிர்த்தார். "முள் இருக்கிறது! பார்த்து உண்! என்ன உபதேசம்!"

"உபதேசம் இல்லை ஐயா, கெண்டை!" என்று பதறிய திருவம்பலம், குழம்புச் சட்டியை இறக்கி வைத்து அவர் பக்கத்தில் அமர்ந்தார். சட்டியிலிருந்து வேறொரு மீனை எடுத்து இலைத் துண்டில் வைத்து, முள்ளை நீக்கி, சதையை மட்டும் அவர் இலையில் இடத் தொடங்கினார்.

பந்தியின் முதல் இலையிலிருந்து அடிகளின் குரல் கேட்டது.

"திருவம்பலம், மாலையில் நீர் பேசும்."

திருவம்பலம் மீனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. இன்னும் ஒரு முள் இருந்தது.