ஆளுக்கொரு பெட்டி

ஓர் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குள், ரத்த வங்கிக்காக எழுதிய ஒரு நிரலில், தேடல் என்றொருத்தி இருந்தாள். யாருக்கு எந்த ரத்தம் வேண்டுமென்று கேட்ட நொடியில் கண்டுபிடித்துத் தருவது அவள் வேலை. வேலை என்று பேர்தான். பாவம், பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவள் ஓடியதில்லை!

வெறுங்கையோடு நின்றால் அவளுக்கு ஒன்றும் செய்ய வராது. கையில் ஒரு வகையைக் கொடுக்க வேண்டும். ரத்த வகையைக் கொடுத்தால் ரத்தம் தேடுவாள், நாளைக்கே மருந்து வகையைக் கொடுத்தால் மருந்து தேடுவாள். அப்படியொரு கெட்டிக்காரி. ரத்த வகையோ, எந்த ரத்தம் யாருக்குச் சேரும் என்ற ரகசியத்தோடு, அரக்கு முத்திரை வைத்த பெட்டிக்குள் குடியிருப்பவள்.

பக்கத்து அறைச் சேமிப்பும் தேடலைப் போலத்தான். ரத்தப் பைகளை அடுக்கிக் காக்கும் அவனுக்கும் கையில் ஒரு வகை வேண்டும். ஆகவே ஆளுக்கொரு ரத்த வகைப் பெட்டியை அணைத்துக்கொண்டு இருவரும் வாசலுக்குப் போனார்கள்.

வாசலில் நிரல்களைச் சரிபார்க்கும் தொகுப்பி நின்றார். அவர் சரி என்றால்தான் எந்த நிரலும் ஓடும்.

“நில்லுங்க. இவன் கொடுக்கிற பையில இவன் பெட்டியோட குறி இருக்கு. நீ கேக்குறது உன் பெட்டியோட குறி. ரெண்டும் வேற. போங்க, போங்க.”

“வேறயா? ரெண்டும் ஒரே அச்சுல வார்த்தது சார்! தூக்கித்தான் பாருங்களேன்!” என்றாள் தேடல்.

“முத்திரை வச்சு மூடின பெட்டிம்மா. உள்ள ஒண்ணேதான்னு நான் எப்படி சத்தியம் பண்றது?”

மூன்று நாளாக இதே கூத்து. நிரலை எழுதிய ஜெயசீலிக்கும் பொறுமை போய்விட்டது. “மதியத்துக்குள்ள ஓடலைன்னா எல்லாரையும் அழிச்சிட்டு, மொத்தத்தையும் ஒரே மூட்டையா எழுதிடப்போறேன்” என்று அவள் போனில் யாரிடமோ சொன்னது உள்ளே எல்லார் காதிலும் விழுந்தது.

“அரக்கை உடைச்சிடுவோம்” என்றான் சேமிப்பு.

அவன் பெட்டிக்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தது. “ஐயையோ, வேண்டாம்! திறந்து கிடந்தா வர்றவன் போறவன் எல்லாம் கைய விடுவான். ஒரு எழுத்து மாறினாப் போதும், பி குரூப்காரனுக்கு ஏ ரத்தம் ஏறிடும். ஆள் பொழைப்பானா?”

சேமிப்பு அரக்கிலிருந்து கையை எடுத்தான்.

தேடல் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டென்று பொறி தட்டியது. “அடச்சே! நமக்கு எதுக்கு ரெண்டு? ஒரே பெட்டியை ரெண்டு பேருமாப் பிடிச்சுக்கிட்டுப் போவோமே!”

“சபாஷ்! அப்ப என் பெட்டியைப் பிடி. பை பூரா இதோட குறிதான் போட்டிருக்கு” என்றான் சேமிப்பு.

தேடலின் முகம் சுருங்கியது. பிறந்ததிலிருந்து நெஞ்சோடு வைத்திருந்த பெட்டியாயிற்றே! “என்னோடத நான் விடமாட்டேன். நீ வேணா விடு.”

“அத்தனை பையையும் கீழ கொட்டச் சொல்றியா?”

மணி பதினொன்றே முக்கால். அப்போது அவளுடைய பெட்டிக்குள்ளிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. “என்னைக் கீழ வைடி. அந்தப் பெட்டிக்காரிக்குத் தெரியாதது எனக்கு மட்டும் என்ன தெரியும்? நீ ஓடணும், அதான் எனக்கு வேணும்.”

கண்கலங்க அதைக் கீழே வைத்தாள். சேமிப்பின் பெட்டியை மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஓட்டமும் நடையுமாய் வாசலுக்கு வந்தார்கள்.

“இவன் வகைதான் என் வகை!” என்று தேடல் கத்தினாள். அதே வரியை அந்நேரம் ஜெயசீலியின் விரல்களும் தட்டிக்கொண்டிருந்தன.

தொகுப்பி ஒரு தரம் படித்தார். “சரி, போங்க.”

“அவ்வளவுதானா? இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார்!”

“தப்பு இருக்குன்னு சொல்றதுதான் என் வேலை. வழி சொல்றது இல்ல.”

அவர் முடிப்பதற்குள் பிரசவ வார்டிலிருந்து கேள்வி வந்து விழுந்தது. ஓ நெகட்டிவ், இரண்டு பை, அவசரம்!

தேடல் ஓடினாள். அப்பப்பா, என்ன ஓட்டம்! மூன்றாவது தட்டில், சேமிப்பு நீட்டிய பையில், குறி பளிச்சென்று தெரிந்தது. அவளால் அதைப் படிக்க முடிந்தது.

“இருக்கு! ரெண்டு பையும் இருக்கு!”

வெளியே ஜெயசீலி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, போனில் வார்டைக் கூப்பிட்டாள். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது, தேடல் மறுபடி பறந்தாள். தன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தது அவள் நினைவிலேயே இல்லை.